ஆயிரத்துக்கு மூன்று பேர் போதும்!

மெயில் பெட்டியில் குவியும் விளம்பரங்களை வாசலிலேயே நிறுத்தும் வழிகள்

காலையில் மெயிலைத் திறந்தால், ‘இன்னும் 3 மணி நேரம்தான்!’ என்று ஒரு துணிக்கடை அலறுகிறது. ‘உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சே’ என்று, போன வருஷம் ஒரே ஒரு தடவை பிரியாணி வரவழைத்த ஆப் உருகுகிறது. ‘வாழ்த்துகள், உங்களுக்கு 5 லட்சம் ரூபாய் கடன் தயார்’ என்கிறது, பெயரே கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனம். இவற்றுக்கு நடுவே பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கான கடைசித் தேதியும், மெடிக்கல் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் எங்கோ புதைந்து கிடக்கின்றன. பாலிசி காலாவதியான பிறகுதான் அந்தக் கடிதம் கண்ணில் படுகிறது.

இதற்குப் பெரும்பாலானவர்கள் செய்யும் வைத்தியம் இரண்டு. ஒன்று, வருவதையெல்லாம் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி அழிப்பது. இன்னொன்று, படிக்காத மெயில்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டே போவதை வேடிக்கை பார்ப்பது. இரண்டிலுமே அனுப்புகிறவருக்குச் சல்லிக்காசு நஷ்டமில்லை. நாளைக்கும் அனுப்புவார், நாளன்னைக்கும் அனுப்புவார். அவருக்கு நஷ்டம் உண்டாக்கக்கூடிய பட்டன் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. 2024-லிருந்து அதற்குப் பல்லும் முளைத்திருக்கிறது. அதை எப்போது அழுத்துவது, எப்போது அழுத்தாமல் வேறு வழி பார்ப்பது என்று தெரிந்துகொண்டால், இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தானாகவே அடங்கும்.

ஆயிரம் மெயில், 9 ரூபாய்

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். மொத்தமாக மெயில் அனுப்பித் தருவதற்கென்றே சேவைகள் இருக்கின்றன. அவற்றில் பிரபலமான அமேசானின் சேவையில் ஆயிரம் மெயில் அனுப்ப அடிப்படைக் கட்டணம் 10 அமெரிக்க சென்ட். நம்மூர்க் காசில் ஏறக்குறைய 9 ரூபாய்.

தெருமுனையில் புதிதாக பேக்கரி திறப்பவர் ஆயிரம் நோட்டீஸ் அடித்து, பேப்பர் போடும் பையனிடம் கொடுத்து வீடு வீடாகச் சேர்க்க வேண்டுமென்றால், காகிதம், அச்சு, கூலி என்று கையைக் கடிக்கும். அதனால் சுற்றியிருக்கும் நாலைந்து தெருவோடு நிறுத்திக்கொள்வார். தினமும் அடிக்க மாட்டார். மெயிலில் அந்தக் கடிவாளம் கிடையாது. ஒரு லட்சம் பேருக்கு அனுப்பி, அதில் பத்துப் பேர் பொருள் வாங்கினாலே லாபம். மிச்சமிருக்கும் 99,990 பேரின் எரிச்சல் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இந்த வியாபாரம் எவ்வளவு குறைந்த வெற்றியிலும் ஓடும் என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. 2008-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ, பெர்க்லி வளாகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், குப்பை மெயில் அனுப்பும் ‘ஸ்டார்ம்’ என்ற கள்ள வலையமைப்புக்குள் ஊடுருவி, மருந்துக்கடை விளம்பரம் ஒன்றைப் பின்தொடர்ந்தார்கள். 26 நாட்களில் கிட்டத்தட்ட 35 கோடி மெயில் போயிருந்தது. பொருள் வாங்க முன்வந்தவர்கள் 28 பேர்.

ஆரம்பமே இப்படித்தான். 1978 மே 3-ஆம் தேதி, இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியின் மார்க்கெட்டிங் அதிகாரி கேரி துர்க், சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். கலிஃபோர்னியாவில் எங்கள் புது கம்ப்யூட்டரைக் காட்டப்போகிறோம், வந்து பாருங்கள் என்பதுதான் விஷயம். அச்சடித்த டைரக்டரியைப் பார்த்து முகவரிகளைக் கையால் தட்டினார்கள். முகவரிக்கான இடம் நிரம்பிவிட, மிச்ச முகவரிகள் கடிதத்துக்குள்ளேயே போய் விழுந்தன. வாங்கியவர்கள் கொதித்தார்கள். அரசாங்க ஆராய்ச்சிக்கான வலையமைப்பில் வியாபாரமா என்று கண்டனம் பறந்தது. ஆனால், அந்த ஒரு மெயிலால் ஒரு கோடி டாலருக்கு மேல் வியாபாரம் நடந்ததாகத் துர்க் பிற்பாடு சொன்னார். திட்டும் வந்தது, துட்டும் வந்தது. திட்டுக்கு அபராதம் இல்லாததால் துட்டு ஜெயித்தது.

2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பேசிய பில் கேட்ஸ், இன்னும் இரண்டே வருஷத்தில் குப்பை மெயில் பிரச்னை தீர்ந்துவிடும் என்றார். முன்பின் தெரியாதவர் அனுப்பும் மெயிலுக்கு, வாங்குகிறவர் நினைத்தால் காசு பிடிக்கலாம் என்ற யோசனையும் அவரிடம் இருந்தது. ஆரூடம் பலிக்கவில்லை. ஆனால், அனுப்புகிறவர் தலையில் ஒரு செலவை ஏற்ற வேண்டும் என்ற அடிப்படை சரியானதுதான். அதற்கு இன்னும் 20 வருஷம் பிடித்தது.

இந்த இடைக்காலத்தில் மெயில் சேவைகளின் வடிகட்டிகள் கெட்டிக்காரத்தனம் பெற்றுவிட்டன. குப்பை மெயில், மோசடி மெயில், வைரஸ் மெயில் மூன்றிலும் 99.9 சதவிகிதத்துக்கு மேல் தடுத்துவிடுவதாக கூகுள் சொல்கிறது. அப்படியானால் நம் பெட்டியில் குவிவது என்ன? பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்ட, பெயர் ஊர் தெரிந்த கடைகளின் மெயில். ‘நீங்கள்தானே சம்மதம் கொடுத்தீர்கள்’ என்று அவர்கள் சொல்ல முடியும் என்பதால்தான் வடிகட்டி அவர்களை உள்ளே விடுகிறது.

முகவரி கை மாறும் இடங்கள்

எப்போது சம்மதித்தோம்? பில் கவுன்ட்டரில் நடக்கும் இந்தப் பேச்சு எல்லோருக்கும் பழக்கம்தான்.

“சார், மெயில் ஐடி சொல்லுங்க.”

“எதுக்கும்மா?”

“பில் மெயில்லயே வந்துடும் சார். போன் நம்பரும் சொல்லிட்டீங்கன்னா பாயின்ட் ஏறும்.”

பின்னால் எட்டுப் பேர் பையோடு நிற்கிறார்கள். ‘வேண்டாம்மா’ என்று சொல்லத் தயங்கி நாம் எழுத்துக் கூட்டிச் சொல்கிறோம். பில் வருகிறது. அடுத்த வாரத்திலிருந்து ஆடித் தள்ளுபடி, ஆவணி முகூர்த்தக் கலெக்‌ஷன், தீபாவளி ஸ்பெஷல் எல்லாம் வரிசைகட்டி வருகின்றன. கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணைக் கோபித்துப் பயனில்லை. அவர் முன்னாலிருக்கும் திரையில் அந்தக் கட்டம் இருக்கிறது, அதை நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால், கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. மொபைல் நம்பர் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று கடைகள் அடம்பிடிக்கக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத்துறையே அறிவுறுத்தியது. மெயில் ஐடிக்கும் அதே நியாயம்தான். “பேப்பர் பில் போதும்மா” என்று சொன்னால் விஷயம் முடிந்தது.

கடையாவது ஒற்றை ஆள். வீட்டுக் கடன் வட்டியை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு இணையதளத்தில் பெயரும் மெயிலும் கொடுத்தால், அந்தத் தளம் தன் ‘பார்ட்னர்கள்’ அத்தனை பேருக்கும் அதைக் கைமாற்றிவிடும். அதற்கான சம்மதம், யாருமே படிக்காத விதிமுறைகளின் நடுவில் ஒரு வரியாக இருக்கும். வேலை தேடும் தளம், வரன் தேடும் தளம், ஃபிளாட் விலை விசாரிக்கும் படிவம், மால்களில் இலவச வைஃபை என்று எல்லா இடத்திலும் கதை இதுதான். ‘சலுகைகளை எனக்கு அனுப்பவும்’ என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பது இன்னொரு கைவேலை. அதை நாம் எடுத்துவிட மறந்தால், சம்மதித்ததாக அர்த்தம்.

நாம் யாரிடமும் கொடுக்காமலும் முகவரி போகும். எப்போதோ கணக்குத் தொடங்கிய ஒரு தளத்தின் தகவல் திருடு போனால், நம் மெயில் ஐடி மொத்தமாக விலைக்குப் போகிறது. உங்கள் முகவரி எந்தெந்தத் திருட்டில் சிக்கியிருக்கிறது என்பதை ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆஸ்திரேலியப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கியது அது.

ஒரு மெயிலைப் பிரித்து மேய்ந்தால்…

பெரிய கடை ஒன்றின் விளம்பர மெயிலைத் திறந்து மேலிருந்து கீழாக நிதானமாகப் பாருங்கள். அனுப்பியவர் இடத்தில் கடைப் பெயருக்குப் பதில் ஒரு மனிதப் பெயர் இருக்கலாம். தெரிந்தவர்தானோ என்று திறக்கவைக்கும் உத்தி. தலைப்பில் உங்கள் பெயர், கூடவே ஒரு கெடு. உள்ளே பெரிய பெரிய படங்கள். இந்தப் படங்கள் மெயிலோடு வருவதில்லை. நீங்கள் திறக்கும் நொடியில் கடைக்காரரின் சர்வரிலிருந்து இறங்குகின்றன. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் படங்களுக்கு நடுவில் கண்ணுக்கே தெரியாத ஒரு படமும் இருக்கும். அகலம் ஒரு புள்ளி, உயரம் ஒரு புள்ளி. ‘டிராக்கிங் பிக்சல்’ என்பது அதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனி முகவரியோடு அது வைக்கப்பட்டிருப்பதால், அது இறங்கியதும் இன்னார் இத்தனை மணிக்கு மெயிலைத் திறந்தார் என்று அங்கே பதிவாகிறது. ‘ஓபன் ரேட்’ என்று மார்க்கெட்டிங்காரர்கள் மீட்டிங்கில் பேசுவது இந்தக் கணக்கைத்தான். இரவு 11 மணிக்குத் திறக்கிறவருக்கு இரவு 11 மணிக்கே அடுத்த மெயிலை அனுப்பலாம். திறக்கவே திறக்காதவருக்கு இன்னும் உரத்த தலைப்பு வைக்கலாம்.

ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்து படங்களைத் தன் சர்வர் வழியாகவே தருகிறது. அதனால் நீங்கள் எந்த ஊரில் எந்த இணைப்பில் இருக்கிறீர்கள் என்பது கடைக்குத் தெரியாது. ஆனால், திறந்தீர்கள் என்பது தெரிய வாய்ப்புண்டு. ஆப்பிள் 2021-ல் தன் மெயில் ஆப்பில் கொண்டுவந்த வசதி, நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களைப் பின்னணியில் இறக்கி, ‘ஓபன் ரேட்’ கணக்கையே குழப்பிவிட்டது. ஜிமெயிலில் இந்தக் கண்காணிப்பை நீங்களே தடுக்கலாம். செட்டிங்ஸுக்குள் படங்கள் பற்றிய பகுதியில், ‘வெளிப்படங்களைக் காட்டுமுன் கேள்’ என்ற பொருளில் இருக்கும் தேர்வைப் போட்டுவிட்டால், நீங்கள் சொன்னால் ஒழிய படம் இறங்காது.

கடைசியாக, மெயிலின் அடிவாரம். கால்சென்டர் நம்பர், கம்பெனி முகவரி, விதிமுறைகள் எல்லாவற்றுக்கும் கீழே, வெளிர் சாம்பல் நிறத்தில், பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் ‘அன்சப்ஸ்கிரைப்’ என்று ஒரு சொல். அதை அழுத்தினால் லாக்-இன் செய்யச் சொல்லும். செய்தால், ‘எந்தெந்த மெயில் வேண்டாம்?’ என்று பன்னிரண்டு கட்டங்கள் விரியும். ‘வேண்டாம், எனக்குப் பணம் மிச்சம் பிடிக்க விருப்பமில்லை’ என்று உங்களையே சொல்லவைக்கும் பட்டனும் இருக்கலாம்.

2024-ல் மாறியது என்ன?

இந்த ஒளிந்துபிடித்து விளையாட்டுக்கு முடிவு கட்டியது அரசாங்கம் அல்ல. தபாலைக் கொண்டுவந்து தருபவர்கள். கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் ஒரு அறிவிப்பை வெளியிட்டு, 2024 பிப்ரவரியிலிருந்து படிப்படியாக அமல்படுத்தின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயில் அளவுக்கு அனுப்புகிறவர்கள் மூன்று விஷயங்களுக்குக் கட்டுப்பட வேண்டும். அனுப்புவது தாங்கள்தான் என்பதைத் தொழில்நுட்ப முத்திரைகளால் நிரூபிக்க வேண்டும். விளம்பர மெயில் என்றால், ஒரே அழுத்தில் விலகும் வசதி தந்து, விலகியவரை இரண்டு நாளுக்குள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: ‘இது ஸ்பேம்’ என்று வாடிக்கையாளர்கள் புகார் செய்யும் விகிதம் 0.3 சதவிகிதத்தைத் தொடக் கூடாது, 0.1-க்குள் வைத்திருப்பது நல்லது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக் மெயிலுக்கு முத்திரை விதிகளைக் கொண்டுவந்தது.

0.3 சதவிகிதம் என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர். ஐயாயிரம் மெயில் போய்ச் சேர்ந்தால் அதில் 15 பேர்.

இந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? அந்தக் கம்பெனியின் மெயில்கள் புகார் செய்தவருக்கு மட்டுமல்ல, மற்றவர்களுக்கும் ஸ்பேம் பெட்டியில் போய் விழ ஆரம்பிக்கும். ஒரே டொமைனிலிருந்து அனுப்பினால் விளம்பரம் மட்டுமா விழும்? ஆர்டர் ரசீது, பாஸ்வேர்டு மாற்றும் மெயில் எல்லாம் சேர்ந்தே பாதிக்கப்படலாம். இழந்த நற்பெயரை மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால்தான் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘பிளாஸ்ட்’ அனுப்பிக்கொண்டிருந்த மார்க்கெட்டிங் பிரிவுகள், இப்போது ‘டெலிவரபிலிட்டி’ என்று கவலைப்படுகின்றன. திறக்காதவர்களை நீக்கி ‘லிஸ்ட்டை க்ளீன்’ செய்கின்றன. ஆயிரத்துக்கு ஒன்பது ரூபாய் வியாபாரத்தில் முதல் தடவையாக நம் எரிச்சலுக்கு ஒரு விலை வந்திருக்கிறது.

மூன்று வகை, மூன்று வைத்தியம்

அதற்காக எல்லாவற்றையும் ‘ஸ்பேம்’ என்று அழுத்தித் தள்ளிவிடக் கூடாது. வரும் மெயில் எந்த ரகம் என்று பார்த்துத்தான் வைத்தியம்.

முதல் ரகம், உங்களுக்குத் தெரிந்த நிறுவனம். நீங்கள் பொருள் வாங்கிய கடை, கணக்கு வைத்திருக்கும் வங்கி, பயன்படுத்தும் ஆப். இவற்றுக்கு அன்சப்ஸ்கிரைப்தான் சரி. மெயிலின் அடிவாரத்தில் தேடி அலைய வேண்டாம். ஜிமெயிலில் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தச் சொல் இருக்கும். போனில் மேலே இருக்கும் மூன்று புள்ளிகளுக்குள் பாருங்கள். அதை அழுத்தினால், விலகல் கோரிக்கையைப் பெரும்பாலும் ஜிமெயிலே அனுப்பிவிடும். இன்னும் சுலபமான வழி, 2025 ஜூலையில் ஜிமெயில் கொண்டுவந்த ‘மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பக்கம். இடது ஓரத்து மெனுவில் இருக்கிறது. யார் யார் உங்களுக்கு மெயில் அனுப்புகிறார்கள், சமீபத்தில் எத்தனை அனுப்பினார்கள் என்று, அதிகம் அனுப்புகிறவரை முதலில் வைத்துப் பட்டியல் போட்டிருக்கும். வேண்டாதவருக்கு எதிரே ஒரு தட்டு, அவ்வளவுதான். யாஹூவிலும் அவுட்லுக்கிலும் இதே போன்ற ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதி உண்டு.

‘விலகிவிட்டால் பேங்க் ஸ்டேட்மென்ட் வராமல் போய்விடுமோ, ஆர்டர் ரசீது நின்றுவிடுமோ’ என்று பலருக்குப் பயம். விளம்பர மெயில் வேறு, பரிவர்த்தனை மெயில் வேறு. சலுகைப் பட்டியலிலிருந்து விலகினால் ரசீதும் ஸ்டேட்மென்டும் பொதுவாக நிற்பதில்லை. ஆனால், வங்கியின் விளம்பரத்தைக் கோபத்தில் ‘ஸ்பேம்’ என்று அழுத்தினால், அடுத்து வரும் முக்கியக் கடிதமும் ஸ்பேமுக்குள் போய்விடக்கூடும். தெரிந்த நிறுவனத்திடம் முதலில் விலகல்தான்.

ஒரு பட்டியலிலிருந்து விலகியும் வேறு பெயரில் மெயில் வந்துகொண்டிருந்தால், அந்தக் கம்பெனியில் உங்கள் முகவரி ‘சலுகைகள்’, ‘கருத்துக்கணிப்பு’, ‘பார்ட்னர் ஆஃபர்கள்’ என்று நாலைந்து பட்டியல்களில் இருக்கிறது என்று பொருள். அவர்களுடைய ஆப்பில் உங்கள் கணக்குக்குள் போய், நோட்டிஃபிகேஷன் பகுதியில் மொத்தமாக அணைத்துவிடுங்கள். அந்தக் கணக்கே இனி தேவையில்லை என்றால் கணக்கை நீக்குவது இன்னும் நல்லது.

இரண்டாவது ரகம், விலகிய பிறகும் விடாதவர்கள். நீங்கள் ஒருபோதும் முகவரி கொடுத்திராத, ஆனால் நிஜமான கம்பெனிகள். தயங்காமல் ‘ரிப்போர்ட் ஸ்பேம்’. ஆயிரத்துக்கு மூன்று பேரில் ஒருவராக நீங்கள் சேரும் இடம் இதுதான். ‘பிளாக்’ செய்தால் உங்களுக்கு மட்டும் நிம்மதி. ரிப்போர்ட் செய்தால் அது அனுப்பியவரின் கணக்கில் ஏறுகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் நேர்மை தேவை. நீங்களே விரும்பிச் சேர்ந்த சிறுபத்திரிகைக் கடிதமோ, வாசகர் வட்ட அறிவிப்போ இப்போது அலுத்துவிட்டது என்றால், விலகிக்கொள்ளுங்கள், புகார் செய்யாதீர்கள். பத்தாயிரம் மெயில் அனுப்புகிறவரைவிட நூறு மெயில் அனுப்புகிறவரை ஒரே ஒரு புகார் பலமாக அடிக்கும்.

மூன்றாவது ரகம், மோசடி. ‘உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது’, ‘வருமானவரி ரீஃபண்டு காத்திருக்கிறது’, ‘பார்சல் டெலிவரி ஆகவில்லை’ என்றெல்லாம் வருபவை. இவற்றில் இருக்கும் எந்த லிங்க்கையும் தொடக் கூடாது, அன்சப்ஸ்கிரைப் லிங்க் உட்பட. அதை அழுத்துவது, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், மெயிலைப் படிக்கவும் செய்கிறார் என்று திருடனுக்குச் சாட்சி சொல்வதற்குச் சமம். அந்த முகவரிக்கு அதன்பிறகு கிராக்கி கூடும். ஸ்பேம் அல்லது ஃபிஷிங் என்று ரிப்போர்ட் செய்துவிட்டு நகருங்கள். வங்கி விஷயமா என்று சந்தேகம் வந்தால், மெயிலில் இருக்கும் லிங்க் வழியாகப் போகாமல் வங்கியின் ஆப்பைத் திறந்து பாருங்கள். இந்திய வங்கிகள் தங்கள் இணையதளங்களை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. முகவரியின் அந்த வாலையும் கவனியுங்கள். பணமே பறிபோய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

வாசலுக்கு வெளியே ஒரு முகவரி

வந்ததை விலக்குவது பாதி வேலை. மீதிப் பாதி, இனிமேல் முகவரியைக் கொடுக்கும் விதத்தில் இருக்கிறது.

சுலபமானது, இரண்டாவது மெயில் ஐடி. வங்கி, ஆதார், இன்ஷூரன்ஸ், பள்ளிக்கூடம், உறவினர் எல்லாம் ஒன்றில். கடை, ஆப், போட்டி, கூப்பன் எல்லாம் இன்னொன்றில். இரண்டாவதைத் தேவைப்படும்போது மட்டும் திறந்தால் போதும்.

புது ஐடி வேண்டாம் என்றால், ஜிமெயிலில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. உங்கள் ஐடியில் @ குறிக்கு முன்னால் ஒரு ப்ளஸ் குறியும், ஏதாவது ஒரு சொல்லும் சேர்க்கலாம். துணிக்கடைக்குக் கொடுக்கும்போது ப்ளஸ் போட்டு ‘துணி’ என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்துக் கொடுங்கள். மெயில் வழக்கம்போல் உங்களுக்கே வரும். ஆனால், அந்த ‘துணி’ முகவரிக்கு ஒரு கடன் கம்பெனியின் மெயில் வந்தால், உங்கள் முகவரி எந்தக் கடை வழியாக வெளியே போனது என்பது பட்டவர்த்தனம். அந்த முகவரிக்கு வருவதையெல்லாம் நேரே குப்பைக்கு அனுப்பச் சொல்லி ஒரு ஃபில்டரும் போட்டுவிடலாம். சில தளங்கள் ப்ளஸ் குறியை ஏற்காது. கெட்டிக்காரர்கள் ப்ளஸ் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பவும் முடியும்.

அதையும் தாண்டிய வழி, முகமூடி முகவரி. ஆப்பிளின் ‘ஹைட் மை இமெயில்’, மொஸில்லாவின் ‘ஃபயர்ஃபாக்ஸ் ரிலே’, டக்டக்கோவின் இமெயில் பாதுகாப்பு எல்லாம் இந்த ரகம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கற்பனை முகவரியை உருவாக்கித் தரும். அதற்கு வருவதை உங்கள் நிஜ முகவரிக்குத் திருப்பிவிடும். தொல்லை தாங்கவில்லையா, அந்த முகமூடியை மட்டும் கழற்றிப் போட்டுவிடலாம். கடையிடம் இருப்பது செல்லாத முகவரி. ஆப்பிள் வசதியின் முழுப் பயனுக்குக் காசு கட்ட வேண்டும், ஃபயர்ஃபாக்ஸ் ரிலேவில் ஐந்து முகமூடிகள்வரை இலவசம், டக்டக்கோ இலவசம்.

இன்னொரு எச்சரிக்கை. ‘ஒரே நொடியில் உங்கள் மெயில் பெட்டியைச் சுத்தம் செய்கிறோம்’ என்று சொல்லும் இலவச ஆப்கள் உங்கள் மெயில் முழுவதையும் படிக்க அனுமதி கேட்கும். ‘அன்ரோல் டாட் மீ’ என்ற அமெரிக்கச் சேவை, அப்படி அனுமதி வாங்கி, வாடிக்கையாளர்களுக்கு வந்த ஒரு டாக்ஸி நிறுவனத்தின் ரசீதுகளிலிருந்து எடுத்த தகவலைப் பெயர் நீக்கி, அதன் போட்டி நிறுவனமான ஊபருக்கு விற்றது 2017-ல் வெளியே வந்தது. மெயில் சேவையிலேயே இருக்கும் வசதிகள் போதுமானதாக இருக்கும்போது, மூன்றாவது ஆளிடம் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை.

செய்யக் கூடாதவை

• திட்டிப் பதில் எழுதாதீர்கள். பெரும்பாலும் அதை எந்த மனிதரும் படிப்பதில்லை.

• ஸ்பேம் பெட்டியில் கிடக்கும் மெயிலைத் திறந்து அன்சப்ஸ்கிரைப் தேடாதீர்கள். அது ஏற்கெனவே வெளியே தள்ளப்பட்டதுதான்.

• விலகும்போது பாஸ்வேர்டோ, ஓடிபியோ, கார்டு விவரமோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விலகுவதற்கு அவை எதுவும் தேவையில்லை.

• அலுவலக மெயிலை ஷாப்பிங்குக்குக் கொடுக்காதீர்கள். வேலை மாறினாலும் அந்தப் பட்டியல் மாறாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

அமெரிக்காவின் ‘கேன்-ஸ்பேம்’ சட்டம் 2004 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. முன் அனுமதி இல்லாமல் விளம்பர மெயில் அனுப்பலாம். ஆனால், வேண்டாம் என்று சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும், நிஜமான அஞ்சல் முகவரி போட வேண்டும், பொய்த் தலைப்பு கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேர்மாறு: பொதுவாக முன் அனுமதி இல்லாமல் அனுப்பவே கூடாது. சொந்த வாடிக்கையாளருக்கு அதே மாதிரிப் பொருளை விளம்பரம் செய்ய மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு.

இந்தியாவில் விளம்பர மெயிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1909-க்குச் சொல்லி நாம் தடுக்கும் டிஎன்டி ஏற்பாடு, டிராய் அமைப்பின் 2018 விதிகளின்படி போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான்; மெயில் அதன் எல்லைக்குள் வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், எரிச்சலூட்டும் மெயில் பற்றி ஒரு துணைப்பிரிவு இருந்தது. கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கிறது என்று அந்தப் பிரிவு முழுவதையும் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முகநூலில் எழுதியவர்களைக் கைது செய்யப் பயன்பட்ட பிரிவு போனது நல்லதுதான். மெயில் தொல்லைக்கு மாற்று ஏற்பாடு மட்டும் வரவில்லை.

இப்போதைக்குப் பக்கத்தில் இருப்பது நுகர்வோர் சட்டம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 தந்திரங்களைத் தடை செய்கின்றன. வெட்கப்படவைத்துச் சம்மதம் வாங்குவது, சந்தாவிலிருந்து விலகுவதைச் சிக்கலாக்குவது, நச்சரிப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

பெரிய மாற்றம் இனிமேல்தான். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களுக்கான பெரும்பாலான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன. அதன்பிறகு சம்மதம் என்பது குறிப்பிட்ட காரியத்துக்காக, தெளிவாக, நிபந்தனையின்றி வாங்கப்பட்டதாக இருக்க வேண்டும். பில் அனுப்பக் கொடுத்த முகவரியை, ‘சம்மதம் இருக்கிறது’ என்று சொல்லி ஆடித் தள்ளுபடிக்குப் பயன்படுத்த முடியாது. எவ்வளவு சுலபமாகச் சம்மதம் வாங்கினார்களோ, அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி வைக்க வேண்டும். சம்மதம் கேட்கும் வாசகத்தை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்கும் வசதி தர வேண்டும். தமிழும் அதில் ஒன்று.

சட்டப் புத்தகத்தில் இருப்பது கடைவாசலுக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ‘மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பட்டியலில் முதல் பத்துப் பெயர்களை இன்று நீக்குங்கள். அவர்களுக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். மூன்றாவது நாளும் எவர் மெயில் வருகிறதோ, அவரைப் பற்றி ரிப்போர்ட் செய்யுங்கள். அந்தக் கம்பெனியின் பட்டியலில் ஆயிரத்துக்கு இன்னும் இரண்டு பேர் அதையே செய்தால், உங்களுக்குப் பதில் சொல்லாத கம்பெனி ஜிமெயிலுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.